பூவிருந்தவல்லியின் ஆறு வார்த்தை: கதை ஊடகம் மாறும்போது மாறுவது எது?

பேருந்துப் பலகையில் பூந்தமல்லி என்றிருக்கும் ஊரின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. வைணவ குருபரம்பரை நூல்களின்படி அது திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர் நம்பி. பெருமாள் அவரோடு நேரே பேசுவார் என்பது ஐதிகம். தம் மனத்தில் இருந்த ஐயங்களை வாய்விட்டுச் சொல்லாமலேயே, அவற்றுக்குப் பெருமாளிடம் விடை பெற்று வரும்படி ராமானுஜர் நம்பியிடம் வேண்டுகிறார். நம்பி ஆறு வார்த்தைகளோடு திரும்புகிறார். கேள்விகள் என்னவென்று கேட்டவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பதில் சொன்ன குரலை நம்பியைத் தவிர யாரும் கேட்கவில்லை.

ஏட்டில் இது சில வரிகளில் முடிந்துவிடும். உபந்நியாசகர் பெருமாளாகவும் நம்பியாகவும் குரலை மாற்றிக்கொண்டு ஒப்பேற்றிவிடுவார். மேடையில் நம்பி எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவார் என்று ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். சினிமாவில் சிக்கல் இன்னும் கூடுகிறது: பெருமாளின் குரலைப் படம் பார்ப்பவர் கேட்கலாமா, அல்லது நம்பியின் முகம் மட்டும் போதுமா? வானொலியில் அந்தக் குரல் எல்லாருக்கும் கேட்டுவிட்டால் நம்பிக்கு மட்டும் கிடைத்த பேறு பொதுச்சொத்தாகிவிடுகிறது. கேட்காவிட்டால் காட்சியே இல்லை.

ராமானுஜர் வாழ்க்கை இந்த வடிவங்கள் பலவற்றைக் கண்டிருக்கிறது. 1938இல் 'ஸ்ரீ ராமானுஜர்' படம் வந்தது. அதற்கு வசனம் எழுதியவர் மணிக்கொடி எழுத்தாளர் வ.ரா. இந்திரா பார்த்தசாரதியின் 'இராமானுஜர்' நாடகம் 1999ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் பெற்றது. 2015இல் கலைஞர் தொலைக்காட்சியில் மு. கருணாநிதி எழுத்தில் தொடராக வந்தது. ஒரே கதை ஏட்டிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து ஒலிக்கும் ஒளிக்கும் போகும்போது மாறுவது எது, நிற்பது எது? தமிழில் இதற்கு மூன்று நான்கு விதமாகப் பதில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பதில்களை இக்கட்டுரை சென்னையின் மேற்கு ஓரத்தில் நின்று பார்க்கிறது. கூத்து நடக்கும் மண், ஒலிபரப்புக் கோபுரம், படப்பிடிப்பு அரங்கு மூன்றும் அடுத்தடுத்து இருப்பது இங்கேதான்.

பண்டமும் பாத்திரமும்

கதை ஒரு பண்டம், ஊடகம் அதைக் கொண்டுவரும் பாத்திரம். பாத்திரம் மாறினாலும் பண்டம் கெடக்கூடாது. இதுவே முதல் பதில். சினிமாக்காரர்கள் 'ஒன்லைன் ஒன்றுதான், ட்ரீட்மென்ட்தான் வேறு' என்பதும், இன்றைய தயாரிப்பாளர்கள் எதைப் பார்த்தாலும் 'கன்டென்ட்' என்பதும் இந்தப் பதிலின் குழந்தைகள்தான். நாவலைப் படமாக்கினால் எழும் 'மூலத்துக்குத் துரோகம்' என்ற புகாரும் இதே வயிற்றில் பிறந்தது.

இதற்குத் தமிழில் கிடைக்கும் நல்ல சோதனை நந்தனார் கதை. சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் நந்தனாரைத் தடுத்து நிறுத்தும் பண்ணையார் யாரும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதைக் கதாகாலட்சேபத்துக்கான கீர்த்தனையாக்கியபோது ஒரு வேதியரை உருவாக்கினார். 40 வேலி நிலத்து அறுவடையை ஒரே இரவில் முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் அந்த வேதியர். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. தில்லைக்குப் போக அஞ்சி நாளை நாளை என்று தள்ளும் உள்மனப் போராட்டத்தைச் செய்யுள் தாங்கும். பாகவதர் ஒருவரே நின்று பாடிப் பேசும் கச்சேரிக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்; அவனோடு வாக்குவாதம் வேண்டும். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கினார் என்றும், பாரதியார் பாடக் கேட்ட பிறகே இசைந்தார் என்றும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். பிள்ளையவர்களின் தயக்கம் மொழிப்பிழைகள் பற்றியது. ஆனால் அந்தச் சம்பவத்துக்குள் வேறொரு செய்தியும் இருக்கிறது: கண்ணால் படித்தபோது பிழையாகப் பட்டது, காதால் கேட்டபோது பொறுக்கக் கூடியதாகிவிட்டது.

பிறகு வந்த படங்கள், 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்ததும் 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படமும், சேக்கிழாரை விட்டுப் பாரதியாரின் வழியையே பிடித்தன. இன்று நந்தனார் என்றதும் பலர் நினைவுக்கு வருவது அந்த வேதியர்தான். அப்படியானால் எந்த மூலத்துக்கு விசுவாசம்? முதல் பதில் இங்கே தடுமாறுகிறது.

'பொன்னியின் செல்வன்' விவாதத்திலும் இதே தடுமாற்றம். கல்கி அதை 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வார இதழில் எழுதினார். அத்தியாயக் கடைசியில் ஒரு உருவம் இருளில் மறைவது அவருடைய விருப்பம் மட்டுமல்ல, ஏழு நாள் காத்திருக்கப் போகும் வாசகருக்கு வைத்த கொக்கி. ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படிப்பவர் அதே கொக்கியைச் சற்று அதிகப்படியாக உணர்கிறார். அப்படியென்றால் வார இதழிலிருந்து நூலாக மாறியதே ஒரு தழுவல்தான். 1999இல் மேஜிக் லேன்டர்ன் குழுவினர் மேடையேற்றியபோதும், 2022இலும் 2023இலும் மணிரத்னம் இரண்டு படங்களாக எடுத்தபோதும் 'அது இல்லை, இது இல்லை' என்று பட்டியல் போட்டவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பம்பாய் கண்ணன் பல குரல்களைக் கொண்டு தயாரித்த ஒலிநூல் சொல்லுக்குச் சொல் மிக நெருக்கமானது. ஆனால் அங்கும் நந்தினிக்கு ஒரே ஒரு குரல்தான் கிடைத்துவிடுகிறது. வாசகர்கள் மனத்தில் இருந்த நூறாயிரம் நந்தினிகளும் அந்த இடத்தில் ஒருத்தியாகிவிடுகிறார்கள்.

கருவியே கதையைத் தீர்மானிக்கிறதா?

இரண்டாவது பதில் முதலாவதைத் தலைகீழாக்குகிறது: பாத்திரம்தான் பண்டத்தை உருவாக்குகிறது. ஜெர்மானியரான லெஸ்ஸிங் 1766இலேயே ஓவியம் இடத்தின் கலை, கவிதை காலத்தின் கலை என்று எல்லை வகுத்தார். ருடால்ஃப் ஆர்ன்ஹைம் 1936இல் வானொலி பற்றி எழுதிய நூலில் அதன் பார்வையின்மையைக் குறையென்று பார்க்கவில்லை, பேறு என்றே புகழ்ந்தார். 1964இல் மார்ஷல் மெக்லூஹன் ஊடகமே செய்தி என்று அடித்துச் சொன்னார். நம்மிடம் இயல், இசை, நாடகம் என்ற பிரிவு அதற்கு வெகு முன்பே இருந்தாலும், அது எல்லைக்கோடாக இயங்கியதாகத் தெரியவில்லை. சிலப்பதிகாரம் மூன்றையும் ஒரே நூலில் வைத்துக்கொண்டது.

இந்தப் பதிலுக்கு வலுவான சான்று வானொலி. சென்னையில் 1924இல் ஒரு தனியார் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல் திறக்கப்பட்டது. நிலையம் இப்போது மெரினாக் கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையில். அதன் உயர்திறன் ஒலிபரப்பி ஆவடியில். கடலைப் பார்த்த அறையில் ஒருவர் பேச, ஆவடிக் கோபுரம் அதை அனுப்ப, யாரென்றே தெரியாத ஒருவர் எங்கோ கேட்கிறார். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது என்பதிலிருந்தே வானொலி நாடகத்தின் உத்திகள் பிறந்தன. பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் அடிக்கடி பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஒரு காட்சியில் நான்கைந்து பேருக்கு மேல் கூடாது. இரண்டு பெண்கள் பேசினால் குரல்கள் தெளிவாக வேறுபட வேண்டும். கதவு திறப்பது, மழை, செருப்பொலி எல்லாமே வசனம்.

தென்கச்சி கோ. சுவாமிநாதன் இதில் தனி வழி போனார். 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சியில் நாடகமும் இல்லை, ஒலிக்குறிப்பும் இல்லை. ஏற்ற இறக்கம் குறைந்த, கிட்டத்தட்டச் சோம்பலான குரல், சில நிமிடங்கள், கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. காலையில் பல் துலக்கிக்கொண்டும் டிபன் பெட்டி கட்டிக்கொண்டும் இருப்பவருக்கு எவ்வளவு கவனம் மிச்சமிருக்கும் என்று அவர் சரியாக அளந்திருந்தார். வானொலிக் கதைக்கலையில் அவர் அளவுக்கு யாரும் ஊடகத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்தப் பதிலுக்கும் ஓட்டைகள் உண்டு. கட்டபொம்மன் கதையைப் பாருங்கள். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் 1957 முதல் மேடையேற்றிய நாடகம் அது. 1959இல் பி.ஆர். பந்துலு படமாக்கினார். பிறகு படத்தின் வசனம் இசைத்தட்டாக வந்து கல்யாண வீட்டு, கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் முழங்கியது. வானொலியும் படங்களின் ஒலியை மட்டும் வெட்டி ஒட்டி 'ஒலிச்சித்திரம்' என்று தந்தது. கண்ணுக்காக எடுத்த படம் காதுக்கு மட்டும் போய், அங்கும் வெற்றி பெற்றது. கருவிதான் கதையைத் தீர்மானிக்கிறது என்றால் இது நடந்திருக்கக்கூடாது. அக்காலப் படங்கள் படம்பிடித்த நாடகங்கள்தானே என்று பதில் சொல்லலாம். அது உண்மையின் ஒரு பகுதி. மறுபகுதியைத் தொலைக்காட்சித் தொடர்களில் பார்க்கலாம். நடந்ததையெல்லாம் பாத்திரங்கள் வாயாலேயே திரும்பச் சொல்வதையும், அதிர்ச்சிக்கு இடிமுழக்கம் போடுவதையும் விமர்சகர்கள் கேலி செய்வார்கள். அடுப்படியில் நிற்பவர் திரையைப் பார்க்காமலேயே தொடரைப் பின்தொடர முடிவது அதனால்தான். தொலைக்காட்சி அங்கே வானொலியாகிவிடுகிறது. எதிர்ப்பக்கத்தில், அலுவலகத்திலும் ரயிலிலும் ஒலியை அணைத்துவிட்டு எழுத்துகளைப் படித்தபடி பார்க்கப்படும் வீடியோ கிட்டத்தட்டப் படக்கதைப் புத்தகம். கண்ணுக்கா காதுக்கா என்பதைக் கேட்பவர் நிற்கும் இடம் முடிவு செய்கிறது, பெட்டி முடிவு செய்வதில்லை.

கூத்து தரும் பதில்

பூந்தமல்லியிலிருந்து மேற்கே திருவள்ளூர், தென்மேற்கே காஞ்சிபுரம் என விரியும் பகுதியில் தெருக்கூத்து இன்னும் ஊர்த்திருவிழாவின் உறுப்பாக இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரத விழாவை இந்தக் கேள்வியோடு பார்த்தால் வியப்பான ஒன்று தெரியும். பகலில் பாரதப் பிரசங்கம்: ஒருவர் உட்கார்ந்து கதையையும் பொருளையும் சொல்கிறார். இரவில் கூத்து: அதே கதையின் தேர்ந்த பகுதிகள், பகடை துகில், அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம், ஆடிக் காட்டப்படுகின்றன. கடைசியில் படுகளம்: மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் உருவம் தரையில் கிடக்க, ஊரே அந்தக் களத்துக்குள் போகிறது. தழுவல் பற்றி எழுதிய கனடா நாட்டு ஆய்வாளர் லிண்டா ஹட்சியன் 2006இல் கதைகள் நம்மை அடையும் விதங்களைச் சொல்லுதல், காட்டுதல், பங்கேற்றல் என மூன்றாகப் பிரித்தார். அந்த மூன்றும் இங்கே ஒரே திருவிழாவுக்குள் நடக்கின்றன. அதுவும் ஒன்றையொன்று போட்டியாகக் கருதாமல்.

வேலைப் பகிர்வைக் கவனிக்க வேண்டும். பிரசங்கம் முன்கதையைச் சுமப்பதால் கூத்து அதைச் சுமக்க வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்குவது விடியும் வரை போகலாம். பார்ப்பவர் தூங்கி எழலாம், டீ குடித்து வரலாம். முக்கிய வரிகளைப் பின்பாட்டுக்காரர்கள் திரும்பப் பாடுவது கண்ணயர்ந்தவருக்கும் பின்வரிசைக்காரருக்கும் சேர்த்துத்தான். வேடம் கட்டியவர் கையில் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது முகம் தெரியும் முன்பே குரல் தெரிந்துவிடுகிறது. பிறகு கட்டியங்காரன் 'நீ யார்?' என்று கேட்க, பாத்திரம் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்கிறது. கட்டியங்காரன்தான் இந்தக் கலையின் வெட்டியொட்டும் மேசை. கூட்டம் சோர்ந்தால் கேலியை நீட்டுவார், மழை வரும்போல இருந்தால் கதையை முடுக்குவார், உள்ளூர்ச் சங்கதியை நடுவில் செருகுவார்.

ஏ.கே. ராமானுஜன் தம் புகழ்பெற்ற முந்நூறு ராமாயணங்கள் கட்டுரையில் மூலம், திரிபு என்ற சொற்களை ஒதுக்கி, ஒவ்வொன்றும் ஒரு சொல்லல் என்று எழுதியது இந்த மரபைப் பார்த்தவருக்கு இயல்பாகவே படும். மூன்றாவது பதில் இதுதான்: மூலமும் இல்லை, ஊடகத்தின் விதியும் இல்லை, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே அந்த நேரத்தில் நடப்பதே கதை.

இந்தப் பதிலின் பலவீனம் இரண்டு. ஒன்று, கேட்பவருக்குக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். கொலையாளி யாரென்று தெரியாத கதையை இப்படிச் சொல்ல முடியாது. இரண்டு, பதிவு செய்ததும் கட்டியங்காரனுக்கு வேலை போய்விடுகிறது. எதிரே கூட்டம் இல்லை. நகர மேடைகளுக்காக இரவு முழுக் கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கும்போதும் பெரும்பாலும் அவர் பேச்சும் திருப்பிப் பாடுதலும்தான் முதலில் கத்தரிக்கப்படுகின்றன. கதைச் சம்பவங்கள் தப்பித்துக்கொள்ளும், உத்தி போய்விடும்.

கூத்தையும் ஊர்த்திருவிழாவையும் வேறு வடிவத்துக்குக் கொண்டுபோன இரண்டு முயற்சிகளை ஒப்பிடலாம். எஸ். ராமகிருஷ்ணன் எழுதி முரளி மனோகர் இயக்கிய 'கர்ண மோட்சம்' தேசிய விருது பெற்ற குறும்படம். பள்ளியொன்றில் ஆட நகரத்துக்கு வரும் கூத்துக் கலைஞருக்கு ஆட்டமே நடக்காமல் போகிறது. கடைசியில் கடையில் வேலை செய்யும் ஒரு சிறுமிக்கு அவர் சில அடவுகளைக் கற்றுக்கொடுக்கிறார். இரவு முழுக் கூத்தைக் குறும்படத்தில் அடைக்கப் பார்க்காமல், அதன் இல்லாமையையே கதையாக்கியது சரியான முடிவு. புஷ்கர், காயத்ரி உருவாக்கி 2022இல் வந்த 'சுழல்' எட்டு எபிசோட் தொடர். மயானக் கொள்ளைத் திருவிழாவின் போக்கோடு துப்பறியும் கதையைக் கோத்தது. திருவிழாவுக்கு நாள் கணக்கு உண்டு என்பதால் எபிசோடுகளுக்கு இயல்பான எலும்புக்கூடு கிடைத்தது. கட்டமைப்பில் கெட்டிக்காரத்தனம்தான், சில இடங்களில் சடங்கு வெறும் பின்னணி வண்ணமாக நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நீளம் என்னும் இலக்கணம்

நான்காவது பதில் புத்தகங்களில் குறைவு, தொழிலில் அதிகம்: எவ்வளவு நேரம் என்று சொல், எப்படிச் சொல்வதென்று நான் சொல்கிறேன். 'முண்டாசுப்பட்டி' முதலில் குறும்படம். 2014இல் ராம்குமார் அதையே முழுநீளப் படமாக்கியபோது காதலும் பாட்டும் இடம்பிடித்தன. குறும்படத்தில் ஒரு மூடநம்பிக்கையே கதை. இரண்டரை மணி நேரத்துக்கு அது தொடக்கம்தான்.

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் உள்ள ஈவிபி ஃபிலிம் சிட்டியில் அரங்கு அமைத்து 2017 முதல் நடக்கும் 'பிக் பாஸ்' இந்தப் பதிலுக்கு ஒரு சோதனைச்சாலை. ஒரு வீட்டில் நாள் முழுதும் நடப்பது இரவில் ஒரு மணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகிறது. துண்டு துண்டாகக் கைப்பேசிக்குப் போகிறது. 2022இல் வந்த 'பிக் பாஸ் அல்டிமேட்' 24 மணி நேரமும் இணையத்தில் ஓடியது. ஒரே சண்டை நாள் முழுதும் பார்ப்பவருக்கு மெல்லப் புழுங்கிய மனக்கசப்பு, ஒரு மணி நேரக்காரருக்கு ஒரு திருப்பம், ஒரு நிமிடத் துண்டில் வெறும் கத்தல். யார் பக்கம் நியாயம் என்பதுகூட நீளத்தைப் பொறுத்து மாறுகிறது.

கைப்பேசிக் குறும்வீடியோச் செயலியான டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இங்கே அறிமுகமானது. 60 நொடியாக இருந்த அதன் வரம்பு 2024 அக்டோபரில் மூன்று நிமிடமானது. செங்குத்துச் சட்டத்தில் ஒருவர் முகம் நிறையும், இருவர் நெருக்குவார்கள், மூவருக்கு இடமில்லை. அதனால் உரையாடல் குறைந்து, ஒருவரே இரண்டு வேடம் போட்டு வெட்டி வெட்டிப் பேசுவது வழக்கமானது. பழைய பாகவதர் தலையைத் திருப்பிக் குரல் மாற்றியதும் இதுவும் ஒன்றுதான் என்றால் மிகையாகாது.

ஒலி பக்கம் நேர்மாறு நடக்கிறது. குக்கூ எஃப்எம், பாக்கெட் எஃப்எம் போன்ற செயலிகளில் சின்னச் சின்ன எபிசோடுகள் மிக நீண்ட தொடர்களாகக் கோக்கப்படுகின்றன. கை வேலையாக இருக்கும்போது காது சும்மா இருக்கிறது என்பதுதான் இதன் அடிப்படை. இது புதிதல்ல. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளிகளுக்கு ஒருவர் நாவலை உரக்கப் படிக்கும் வழக்கம் 1865இல் தொடங்கியது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் போகிறவர் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் தொடர் அந்த வம்சம்தான், படிப்பவர் மட்டும் எதிரே இல்லை.

நீளமே இலக்கணம் என்ற பதில் பயனுள்ளது. ஆனால் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால் அது மௌனமாகிவிடுகிறது. 60 நொடி என்பது கதையின் தேவையில் பிறந்த அளவல்ல, ஒரு நிறுவனத்தின் தீர்மானம். கல்கியின் ஏழு நாளும் அப்படித்தான் என்பார்கள். இருக்கலாம், ஆனால் அந்த ஏழு நாளில் வாசகர் கடிதம் எழுதினார்.

முகமும் வரைபடமும்

நான்கு பதில்களையும் சேர்த்துப் பார்த்தால், கண்ணா காதா என்ற பழைய கோடு நாம் நினைத்த அளவுக்கு முக்கியமில்லை என்பது ஓரளவு உறுதியாகத் தெரிகிறது. கட்டபொம்மனும் அடுப்படித் தொடரும் ஒலி அணைத்த வீடியோவும் அந்தக் கோட்டைத் தாராளமாகத் தாண்டுகின்றன. அதைவிடக் கனமான கோடு, கேட்பவரின் முகம் சொல்பவருக்குத் தெரிகிறதா இல்லையா என்பது. கூத்தில் தெரிகிறது. வானொலியில் தெரியவில்லை, தென்கச்சி அதை ஊகித்தார். இன்றைய செயலிகளிலும் முகம் தெரியவில்லை. ஆனால் எந்த நொடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்ற வரைபடம் வருகிறது, தொகுப்பாளர் அதைப் பார்த்து அடுத்த எபிசோடை வெட்டுகிறார்.

அந்த வரைபடம் கட்டியங்காரன் பார்த்த கூட்டத்துக்கு ஈடாகுமா என்பதுதான் இன்னும் முடியாத கேள்வி. ஈடாகும் என்பவர்களுக்கு ஒரு வாதம் உண்டு: கோடிக்கணக்கானவரின் எதிர்வினையை எந்தக் கட்டியங்காரனும் பார்த்ததில்லை. எதிர்வாதமும் உண்டு: தூங்கிவிட்டவரையும் எழுந்து போனவரையும் கூத்து வேறுபடுத்தும், வரைபடத்தில் இருவரும் ஒரே சரிவுதான். தூங்கியவருக்காகப் பின்பாட்டுக்காரர் திரும்பப் பாடுவார். சரிவுக்காக யாரும் திரும்பப் பாடுவதில்லை, அடுத்த தடவை அந்த இடத்தை வெட்டிவிடுவார்கள். என் சாய்வு எதிர்வாதத்தின் பக்கம். ஆனாலும் ஒலித்தொடர்கள் வளர்ந்துவரும் விதத்தைப் பார்க்கும்போது அதைத் தீர்ப்பாக எழுத இன்னும் காலம் வரவில்லை.

நம்பியின் கதைக்கு மட்டும் ஒரு முடிவு சொல்லலாம். அதை ஒலியில்தான் சொல்ல வேண்டும். பெருமாள் பேசும் இடத்தில் ஆலவட்டம் அசையும் ஓசை மட்டும் போதும். வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு வந்த விடை அது. படம் வந்தால் விளக்க வேண்டியிருக்கும்.

மேற்கு ஓரத்தில் வீடியோவோ ஒலித்தொடரோ செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடை மாதங்களில் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும். அடுத்த எபிசோடை வெட்டுவதற்கு முன் ஒருநாள் போய் உட்காருங்கள். மேடையை விடக் கூட்டத்தை அதிகம் பாருங்கள். நுழைவுச்சீட்டு கிடையாது. பாய் மட்டும் கொண்டுபோக வேண்டும்.